கண்ணாடி நார்ப் படகின் மேனியைப் பேணுதல்

தறியையும் வயலையும் நம்பி வாழும் அங்கத்தினர்களுக்காக நடைபெறும் இவ்வேட்டில் படகைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் கடற்கரையை அடுத்த தாலுகாக்களில் நெசவாளர் சங்கமும் மீனவர் சங்கமும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஒரே மத்தியக் கூட்டுறவு வங்கியை நாடுகின்றன. ஒன்றில் நிலுவை ஏறினால் மற்றதற்கும் கை இறுகுகிறது. மேலும், இன்று நம் கரைகளில் கிடக்கும் படகுகளில் பெரும்பாலானவை மரத்தால் ஆனவையல்ல, துணியால் ஆனவை. கண்ணாடியை இழையாக இழுத்து, அவ்விழையை நெய்து, பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிய துணியே அப்படகு. அதன் மேனி ஏன் மங்குகிறது, எவ்வாறு மீள்கிறது என்பதை நெசவாளரைப் போல் விரைவில் விளங்கிக்கொள்ளக் கூடியவர் வேறெவரும் இலர்.

இம்முறை பழமையானதன்று. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942ஆம் ஆண்டில் கண்ணாடி நாரையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு சிறு பாய்ப்படகைச் செய்தார். நம் கரையில் கட்டுமரமும் மரவள்ளமும் இருந்த இடத்துக்கு இது மெல்ல மெல்லத்தான் வந்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்கக் கடல் திட்டத்தார், அலையடிக்கும் மணற்கரையில் இறங்கியேறத் தக்க படகுகளை ஆராய்ந்து வந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கரைகளைத் துடைத்துச் சென்ற பின்னர், இழந்த கலங்களுக்கு ஈடாக வந்தவற்றுள் கண்ணாடி நார்ப் படகுகள் மிகப் பல. அவசரத்தில் செய்யப்பட்ட அவற்றில் நல்லவையும் இருந்தன, அல்லாதவையும் இருந்தன. படகு வந்தது, அதைப் பேணும் முறை பல ஊர்களுக்கு உடன் வரவில்லை.

படகு செய்யும் விதத்தை முதலில் அறிந்துகொள்வோம். மரப்படகைப் போல் உள்ளிருந்து வெளியே கட்டுவதில்லை. வெளியிலிருந்து உள்ளே கட்டுகிறார்கள். அச்சின் உட்புறத்தில் மெழுகு பூசி, அதன்மேல் ஜெல்கோட் எனப்படும் நிறங்கலந்த பிசினை முதலிற் பூசுகிறார்கள். அது இறுகியதும், ‘மேட்’ எனப்படும் விரிப்பைப் பிசினில் நனைத்து ஒட்டுகிறார்கள். ஏறக்குறைய இரண்டங்குல நீளத்துக்கு நறுக்கிய கண்ணாடி இழைகளை வைக்கோல் பரப்பினாற்போலப் பரப்பிச் செய்தது இவ்விரிப்பு. அதன்மேல் ‘ரோவிங்’ எனப்படும் துணி. முறுக்கேறாத தடித்த இழைக்கற்றைகளைப் பாவும் ஊடையுமாக வைத்துச் சாதா நெசவாக நெய்தது; சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ளது பெரிதும் வழங்குகிறது. மேட்டும் ரோவிங்குமாக மாறி மாறி அடுக்கி, இறுகியபின் அச்சிலிருந்து கழற்றினால், முதலிற் பூசிய ஜெல்கோட் படகின் வெளிமேனியாகிப் பளபளவென்று நிற்கும்.

அம்மேனியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். எழுதும் தாள் ஐந்தை அடுக்கினால் வரும் கனம். படகின் வலிமை அதில் இல்லை. உள்ளே இருக்கும் துணியில் இருக்கிறது. ஆனால் அத்துணியை நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பது இவ்வரை மில்லிமீட்டரே. அது தேய்ந்து இழை வெளியே தெரிந்துவிட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழையோரமாக நீர் உட்செல்லும். பிறகு பிசினுக்கும் இழைக்கும் உள்ள பிடிப்புத் தளரும்.

மேனி மங்குவதற்கு முதற் காரணம் வெயிலின் புற ஊதாக் கதிர்கள். அவை மேற்பரப்பிலுள்ள பிசினைச் சிதைக்கின்றன. பிசின் சிதைந்ததும், அது பிடித்துவைத்திருந்த நிறப்பொடி பற்றுக்கோடின்றி மேலே மாவாக நிற்கிறது. உள்ளங்கையால் தடவினால் கையில் ஒட்டுகிறது. சாயம் போய்விட்டதென்று எண்ணுகிறோம். பெரும்பாலும் போனது சாயமன்று, சாயத்தைப் பிடித்திருந்த பசை. அடியில் நிறம் அப்படியே இருக்கிறது. கரும்பச்சை, நீலம், சிவப்பு ஆகிய அடர்ந்த நிறங்களில் இம்மங்கல் விரைவிற் கண்ணுக்குப் படும். வெள்ளையில் வெகுநாள் தெரியாது. உப்பும் மணலும் தம் பங்குக்குச் செய்வன தனி.

இவ்விடத்தில் இரு படகுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். சோழமண்டலக் கரையில் ஒரு மீனவர் சங்கத்துக்குத் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தோம். எஞ்சின் வாங்குவதற்கென்று இருவர் கடன் கேட்டிருந்த விவரம் கடன் பதிவேட்டில் இருந்தது. முதலாமவரின் படகு நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாய் இருந்தமையால் “பழுதுபட்டது, ஈட்டுக்கு ஏலாது” என்று குறிக்கப்பட்டு மனு தள்ளப்பட்டிருந்தது. மற்றவர் படகு புதிதாக எனாமல் பெயிண்டு அடித்து மின்னியது; கடன் வழங்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் அந்த மின்னும் படகின் பிற்றலைப் பலகை கடலில் பிளந்து, எஞ்சின் நீரில் மூழ்கிவிட்டது. பிற்றலையின் நடுவே நாருறைக்குள் மரப்பலகை வைத்துச் செய்வது வழக்கம். பழைய ஆணித்துளைகளை அடைக்காமல் மேலே பெயிண்டை மட்டும் அடித்திருந்தபடியால், துளை வழியாக நீர் இறங்கிப் பலகை உளுத்துப் போயிருந்தது. உடன் சென்ற படகார் கயிறு கட்டி இழுத்து வந்தமையால் நால்வர் உயிர் தப்பினர். கடனை இப்போது ஜாமீன்தாரர் இருவர் தவணை கட்டித் தீர்த்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் அதே தெருவில் தறி நெய்பவர்.

முதலாமவர் முதியவர். அவர் நம்மிடம், “ஐயா, கட்டுமரம் கறுத்துப்போனால் யாரும் அதைத் தள்ளுவதில்லை. பைபர் படகு வெளுத்தால் மட்டும் உதவாது என்கிறார்களே, இது என்ன கணக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மங்கிய படகு வலிவற்றதென்பது தவறான எண்ணம். அமெரிக்கக் கடலோரக் காவற்படையார் 1950களின் தொடக்கத்திற் கட்டிய 40 அடிக் கண்ணாடி நார்ப் படகிலிருந்து பத்தாண்டுக்குப் பின்னும் இருபதாண்டுக்குப் பின்னும் துண்டுகளை வெட்டிச் சோதித்தபோது, வலிமை பெரிதாகக் குறையவில்லை என்று கண்டனர். மேனி என்பது வேறு, உடல் என்பது வேறு. இரண்டையும் தனித்தனியே பார்க்கத் தெரிந்துகொள்வது படகுக்காரருக்கு மட்டுமன்று, கடன் மனுவில் கையெழுத்திடும் பஞ்சாயத்தாருக்கும் அவசியம்.

பார்க்கும் விதம் எளிது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, அணியம் தொடங்கிப் பிற்றலை வரை சாண் விட்டுச் சாண் தட்டிக்கொண்டே செல்லவேண்டும். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே அடுக்குப் பிரிந்த இடத்தில் ஒலி பொத்தென்று மாறும். ஓட்டைப் பானையைக் காதாலறியும் நம் பெண்மக்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. எஞ்சின் மாட்டும் பலகையை அழுத்திப் பார்க்கவேண்டும். ஆணித்துளையோரத்தில் ஈரமோ பழுப்புக் கசிவோ உண்டாவென்று நோக்கவேண்டும். அடுத்து, மேற்பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், வைக்கோல் போன்ற இழை தெரிகிறதா என்பது விளங்கும். இழை தெரிந்தால் மேனி முடிந்துவிட்டதென்று பொருள். அங்கே மெருகேற்றிப் பயனில்லை. தெரியாவிட்டால் மேனி இருக்கிறது, மீட்கலாம்.

அம்முதியவரின் படகை அவ்வாறே தட்டிப் பார்த்தோம். ஓரிடத்திலும் ஒலி மாறவில்லை. ஒரு சதுர அடி அளவு கழுவி, ரப்பிங் காம்பவுண்டு தொட்டுத் தேய்த்தவுடன், அந்தச் சாம்பல் நிறத்தினடியில் நீலம் எழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அவர் மனு மறுபடியும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இனி முறையைச் சொல்வோம். முதல் வேலை நன்னீரில் கழுவுதல். உப்பும் மணலும் இருக்கும்போது துணியை வைத்துத் தேய்த்தால் அந்த மணலே அரமாகும். மென்மையான சோப்பு நீர் போதும். காரச் சோடாவும் அமிலமும் ஆகா. இரும்புக் கம்பித் தூரிகை கூடவே கூடாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டு பின்னர்த் துருக்கறை ஆகும். முன்பே உள்ள துருக்கறைக்கும் மஞ்சட்கறைக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தை நீரிற் கரைத்துத் தடவிச் சிறிது நேரம் விட்டுக் கழுவினால் கறை நீங்கும். அஃது நஞ்சு, கையுறையின்றித் தொடலாகாது, குழந்தைகள் கைக்கு எட்டலாகாது.

கழுவி உலர்ந்தபின், கண்ணிற்படாத ஓரிடத்தில் இரண்டடி அளவு சோதித்துப் பார்க்கவேண்டும். மிக மெல்லிய முறையில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் அடுத்ததற்குச் செல்லவேண்டும் என்பதே இத்தொழிலின் உயிர்நாடி. முதலில் மெருகுப் பசை. போதாதாயின் ரப்பிங் காம்பவுண்டு. அதுவும் போதாதாயின் வாட்டர் பேப்பர் என்னும் நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். தாளின் நம்பர் நூலின் நம்பரைப் போலவே. எண் கூடக் கூட நயம். 1000ஆம் நம்பரில் தொடங்கி 1200, 1500 என்று ஏறவேண்டும். மங்கல் மிகுந்திருந்தால் 800இல் தொடங்கலாம். ஒரு நம்பர் விட்ட கீறலை அடுத்த நம்பர் முழுதும் அழித்த பின்னரே மேலே போகவேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால், மெருகேற்றிய பிறகு வெயிலில் அக்கீறல்கள் எல்லாம் எழுந்து நின்று காட்டிக்கொடுக்கும். கடைத்தெருவில் 80ஆம் நம்பர்த் தாளை வாங்கிவந்து வறண்டபடியே தேய்த்துவிட்டுப் பெயிண்டு அடிப்பவர்களைப் பல கரைகளில் காண்கிறோம். அவர்கள் அழுக்கைத் தேய்க்கவில்லை, காப்பைத் தேய்த்துக் கடலிற் கொட்டுகிறார்கள்.

ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு போகிறது, போனது திரும்புவதில்லை. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது மேலும் மெல்லிதாக இருக்கும்; ஆங்கே கையை இலேசாக வைக்கவேண்டும். மின்சார மெருகுப் பொறி கொள்வோர் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருத்தல் வேண்டும். தாளில் நீர் வற்றவிடக் கூடாது. வறண்ட தேய்ப்பில் எழும் தூளில் கண்ணாடியும் இருக்கக்கூடும். மூக்கையும் வாயையும் மூடாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. தேய்ப்பதற்கு நன்கு துவைத்துப் பழகிய பருத்தித் துணியே சிறந்தது. கரையும் சரிகையும் உள்ள துண்டு கீறும். செயற்கை இழைத் துணி அவ்வளவு உதவாது. நம் நெசவாளர் சங்கங்களில் ஒதுங்கும் பருத்திக் கழிவுத் துணிக்கு இங்கே நல்ல உபயோகம் உண்டு. பக்கத்து மீனவர் சங்கத்தோடு பேசி ஒரு விலை வைத்துக்கொள்ளலாம்.

மெருகேறிய பின் மெழுகு. மெழுகில்லாத மெருகு நம் வெயிலில் சில மாதங்கூட நிற்பதில்லை. பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு கலந்த பசை கடைகளில் கிடைக்கிறது. மெல்லிதாகப் பூசி, மங்கலாக உலர்ந்ததும் துடைத்தெடுக்கவேண்டும். கனமாகப் பூசினால் அழுக்குத்தான் சேரும். நீரைத் தெளித்துப் பார்க்கும்போது, தாமரையிலையில் போல் துளி திரண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. பரவி ஓடினால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூசுபவர், பல ஆண்டுகள் உப்புத்தாளைத் தொடாமலே காலந்தள்ளலாம். இது நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதிக்கே பொருந்தும். மணலில் இழுபடும் ஏராவுக்கு மெழுகு பயன்படாது. அங்கே தேய்வதற்கென்றே கூடுதல் அடுக்குகளை ஒட்டி, தேயத் தேயப் புதுப்பிக்கவேண்டும்.

கீறலுக்கும் சில்லுக்கும் உடனே மருந்திடவேண்டும். மெழுகை அசிட்டோன் கொண்டு துடைத்தெடுத்து, கீறலைச் சிறிது அகல விரித்து, நன்கு உலரவிட்டு, ஜெல்கோட்டை அப்பவேண்டும். நூறு கிராம் ஜெல்கோட்டுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லி லிட்டர் ஊக்கி; நம் வெயிலுக்கு ஒன்றை ஒட்டியே இருத்தல் நலம், ஒன்றுக்குக் குறைத்தால் இறுகாது. நண்பகலில் கலந்தால் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். காலையில், நிழலில் செய்யவேண்டும். ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேற்புறம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் இயல்புடையது. ஆகவே அப்பியதும் அதன்மேல் பாலிதீன் தாளை ஒட்டி மூடவேண்டும். மறுநாள் தாளை உரித்து, 400, 600, 800, 1000 என்று படிப்படியாகத் தேய்த்துச் சமமாக்கி மெருகேற்றலாம். இழையே அறுந்திருந்தால் ஜெல்கோட்டை மட்டும் அப்புவது கிழிந்த துணிக்குச் சாயம் பூசுவதற்கொப்பாகும். முதலில் மேட் வைத்து ஒட்டுப்போடவேண்டும். எபாக்சிப் பிசினால் ஒட்டியிருந்தால் அதன்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரிவரப் பிடிக்காது, அங்கே பெயிண்டுதான்.

நாள்தோறும் கரையேறும் படகுகளில் கொப்புளம் அரிது. துறைமுக நீரிலேயே மாதக்கணக்கிற் கட்டிக் கிடப்பவற்றில் அது தோன்றும். உட்புகுந்த நீர் பிசினில் கரையத்தக்க பொருள்களோடு சேர்ந்து அமிலமாகி, மேனியைப் புடைக்கச் செய்கிறது. குத்தினால் காடி வாசனையுடன் நீர் பீறிடும்; கண்ணைக் காத்துக்கொள்ளவேண்டும். திறந்து, நன்னீரால் பலமுறை அலசி, வாரக்கணக்கில் உலரவிட்டு, எபாக்சிப் பட்டி வைத்து, எபாக்சிப் பூச்சுப் பூசுவதே வழி. உலராமல் மூடினால் மறுபடி புடைக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அவை பழுது பார்க்கப்படுகின்றன. வெளிப்பொருத்து எஞ்சினுடைய நார்ப் படகுகளோ அப்போதும் கடலுக்குச் செல்கின்றன. ஓய்வென்று ஒரு காலம் அவற்றுக்கு விதிக்கப்படவில்லை. ஆகவே பராமரிப்பு நாளும் வருவதில்லை. சங்கமே முன்வந்து, மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் முறைவைத்து மூன்று மூன்று படகாகக் கரையிலேற்றிப் பேணச் செய்யலாம். அதற்கு ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போதும். நிழல் கொடுப்பதைவிடச் சிறந்த மேனிக்காப்பு வேறில்லை. தார்ப்பாயை நேரே படகின்மேல் இறுகக் கட்டிவைப்பது நல்லதன்று. காற்றில் அது அடித்து உரசும், ஈரமும் உள்ளே தங்கும். கீற்றுக்குத் தென்னை வளர்க்கும் நம் அங்கத்தினர் இருக்கவே இருக்கிறார்கள்.

சங்கம் மொத்தமாகப் பொருள் வாங்கி வைப்பதானால் ஓர் எச்சரிக்கை. பிசினை இறுகச்செய்யும் ஊக்கி, மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்னும் கடுமையான பொருள். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகக்கூடும். பட்டால் அக்கணமே நீர் விட்டு நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும். கோபால்ட் எனப்படும் முடுக்கியை இதனோடு நேரே கலந்தால் வெடிக்கும். பிசினில் ஒன்றை முற்றிலும் கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தலாகாது. ஊக்கி சிந்திய பருத்தித் துணியும் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். பொதுக் கிடங்கு வைத்துள்ள சங்கங்களில் நூற்கட்டுக்கு அருகே இந்த டப்பாக்கள் இருப்பதை இரண்டு இடங்களில் கண்டு, அன்றே அப்புறப்படுத்தச் செய்தோம். மற்றச் சங்கங்களின் காரியதரிசிகள் இவ்விதழ் கையில் கிடைத்ததும் தம் கிடங்கை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.